நான் நேரில் பார்த்த கேரவன் பார்க்குகள்

ஒரு திட்டத்தைக் கொல்ல வேண்டுமானால் அதை மறுக்கவே கூடாது. ‘நேரில் ஆய்வு செய்தபின் முடிவெடுக்கலாம்’ என்று ஒரு வரி எழுதினால் போதும். திட்டம் தானாகச் செத்துவிடும். டெல்லியில் இத்தனை வருட சர்க்கார் உத்தியோகத்தில் நான் உருப்படியாகக் கற்ற வித்தை இது ஒன்றுதான். இதை ஆபீஸோடு நிறுத்தியிருக்கலாம். வீட்டில் பிரயோகித்துப் பார்த்தேன்.

லோதி ரோடு குவார்ட்டர்ஸ். ஞாயிற்றுக்கிழமை காலை. நான் அடைக்கு வெல்லம் தொட்டுக்கொண்டிருந்தபோது என் மனைவி ருக்மிணி குண்டைப் போட்டாள்.

“ஏன்னா, டிசம்பர் லீவுக்கு நாலு நாள் கேரவன்ல போறோம். நீங்க, நான், அனந்து, மது.”

கையிலிருந்த அடை வெல்லத்தில் விழுந்தது.

அனந்து என்கிற அனந்தகிருஷ்ணன் ருக்மிணியின் தம்பி. குருகிராமில் ஐ.டி. கம்பெனி வேலை. மது அவன் மனைவி, பரம சாது. அனந்து தூங்கினால் குறட்டை விடுவான், விழித்தால் அறிவுரை விடுவான். நடுவில் இடைவேளை கிடையாது. நான் காபியில் சர்க்கரை போட்டால் போதும், என் கணையத்தைப் பற்றிப் பிரசங்கம் ஆரம்பித்துவிடுவான். அவனோடு நாலு நாள், ஒரு வண்டிக்குள், கதவைச் சாத்திக்கொண்டு!

“கேரவன்னா? சினிமாக்காரா உக்காந்துப்பாளே, அந்த வண்டியா?”

“அதேதான். உள்ளேயே படுக்கை, அடுப்பு, பாத்ரூம். கேரவன் பார்க்னு இருக்காம். அங்க கொண்டுபோய் நிறுத்தினா கரண்டும் தண்ணியும் அவாளே குடுத்துடுவா. ஃபோன்ல மூணு இடம் பார்த்து வெச்சிருக்கேன்.”

“ஃபோட்டோவைப் பார்த்தா புக் பண்றது? ஃபோட்டோவை நம்பித்தான் நான் உன்னை…”

“என்னை?”

“உன்னை மாதிரி ஒரு ரத்தினம் கிடைச்சுதுன்னு சொல்ல வந்தேன். எல்லார்க்கும் அந்த அதிர்ஷ்டம் இருக்காது, ருக்கு. நான் நேர்ல போய்ப் பார்க்காம ஒரு இடமும் புக் பண்ணக் கூடாது. ஆமாம், சொல்லிட்டேன்!”

“அச்சா. போய்ப் பாருங்கோ.”

ஒரு சண்டை இல்லை, ஒரு முணுமுணுப்பு இல்லை. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

முதல் பார்க் ஹரியானாவில் சோனா என்கிற ஊர்ப் பக்கம், மலையடிவாரத்தில். இறங்கியதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இடம் அவ்வளவு அழகு! மேனேஜர் இஞ்சி டீயும் பகோடாவும் கொடுத்து உபசரித்தார். குறை கண்டுபிடிக்க எவ்வளவோ முயன்றேன். மயில் ஒன்று கொஞ்சம் சத்தமாக அகவியது. அவ்வளவுதான்.

“எப்படி இருந்தது?” என்றாள் ருக்மிணி.

“கேக்காதே! சுத்துச் சுவரே இல்லை. நரி வந்து கதவைத் தட்டறதாம்.”

அடுத்த ஞாயிறு முர்த்தல் பக்கம் இன்னொரு பார்க். அங்கே வெண்ணெய் மிதக்கும் பராட்டா தின்றுவிட்டு, மரத்தடிக் கயிற்றுக் கட்டிலில் சாயந்திரம் வரை தூங்கினேன்.

“வாட்ச்மேன் கிடையாது, ருக்கு. வெந்நீர் கிடையாது. பால் வாங்கக்கூட ஹைவேயில நடக்கணும்.”

“மீசையில என்ன பளபளன்னு?”

“அதுவா… வெயிலுக்குத் தடவிண்டேன்.”

மூன்றாவதற்கு ஆக்ரா ரோட்டில் போய்வந்தேன். “கரண்ட் வரதும் போறதுமா இருக்கு. பக்கத்துல ஒரு டாக்டர் இல்லை. நம்ம அனந்துக்கு ராத்திரியில ஏதாவது ஒண்ணுன்னா?” என்று குரல் தழுதழுக்கக் கேட்டேன். என் நடிப்பில் எனக்கே கண் கலங்கிவிட்டது.

ருக்மிணி பெருமூச்சு விட்டாள். நான் உள்ளுக்குள் குத்தாட்டம் போட்டேன்.

“இவ்வளவு பார்த்திருக்கேள். ஒரு நல்ல கேரவன் பார்க் எப்படி இருக்கணும், நீங்களே சொல்லுங்கோ.”

யாராவது அபிப்பிராயம் கேட்டால் என் போன்ற அதிகாரிக்குத் தலைகால் புரியாது. “சுத்திலும் சுவர் வேணும். கேட்ல காவல். கைக்கெட்டற தூரத்துல கரண்ட், குழாய். நடந்து போனா மதர் டெய்ரி பால் பூத். பக்கத்துல டாக்டர், மார்க்கெட்…”

“அப்படி ஒரு இடம் இருந்தா?”

“இருந்தா நானே முதல் ஆளா ஏறிப் படுத்துப்பேன்!” என்று மேஜையைத் தட்டினேன்.

ருக்மிணி ஃபோனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள்.

லீவு ஆரம்பித்த சனிக்கிழமை. வாசலில் ஒரு ஹார்ன். எட்டிப் பார்த்தேன். எங்கள் வேப்பமரத்தடியில், யானை மாதிரி ஒரு வெள்ளை வேன்! எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து அதற்கு ஒயர் போகிறது. தோட்டத்துக் குழாயிலிருந்து பைப் போகிறது. டிரைவர் சீட்டில் அனந்து கையாட்டுகிறான்.

“ருக்கு! என்னடி இது!”

“நீங்க சொன்ன பார்க்தான். சுவர் இருக்கு, கேட்ல காவல் இருக்கு. மதர் டெய்ரி எதிர்த்தாப்பல. டாக்டர் மேல் மாடியிலேயே இருக்கார்.”

“இது சர்க்கார் குவார்ட்டர்ஸ்! அசோசியேஷன் சும்மா விடுமா?”

“பிரசிடெண்ட் சாந்தகுமாரி மேடம்கிட்ட எப்பவோ கேட்டாச்சு. ‘சார் மூணு இடம் நேர்ல போய்ப் பார்த்து, இதுக்கு ஈடே இல்லைன்னுட்டார்’னேன். ‘சாரே சொன்னாரா? அப்ப சரி’ன்னுட்டா.”

“அப்ப எல்லாரும் வீட்டுக்குள்ள படுத்துக்கலாமே! வண்டி எதுக்கு?”

“மதுவும் நானும் வீட்டுக்குள்ளதான். உங்க ரெண்டு பேருக்கும் வண்டி. முதல் ஆளா ஏறிப் படுத்துப்பேன்னேளே? ஏறுங்கோ, ஜல்தி. நாங்க சரோஜினி நகர் மார்க்கெட் போயிட்டு வரோம்.”

இருவரும் ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்கள். என் வீட்டு வாசலில், என் வீட்டு மின்சாரத்தில், அனந்துவுக்கு எதிரே உட்கார்ந்தேன். அவன் ஒரு கோப்பையை நீட்டினான். பாகற்காய் ஜூஸ்.

கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். நாலே நாள்தானே, பல்லைக் கடித்துக்கொள்வோம் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

“புதன்கிழமை வண்டியைத் திருப்பிக் குடுக்கணுமோல்லியோ, அனந்து? லேட் ஆனா வாடகை ஏத்திடப் போறான்” என்றேன், அக்கறையாக.

“வாடகையா? வண்டி என்னோடதாக்கும், அத்திம்பேர்! தீபாவளிக்கு முன்னாடியே வாங்கிட்டேன். குருகிராம்ல எங்க சொசைட்டியில இதை நிறுத்த விடமாட்டேங்கறா. அக்காதான், ‘கவலைப்படாதேடா, உங்க அத்திம்பேர் வாயாலேயே நிரந்தரமா இடம் வாங்கித் தரேன்’னு சொன்னா.”