மேட்டுத் தெருக் குடிநீரும் மூன்று செயலிகளும்

எங்கள் ஊரின் மேட்டுப் பகுதியில் நாலு தெருக்கள். நாலுக்கும் குடிநீரைச் சுத்தம் செய்து ஏற்றி அனுப்புவது ஒரே ஒரு இயந்திரம், வெளிநாட்டில் செய்தது. பதினாலு மாதம் அது ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஆகவே குடிநீர் அலுவலகத்தில் அதைப் பற்றி ஒரு கோப்பும் இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மின்சாரம் போய்த் திரும்பி வந்தது. இயந்திரம் மட்டும் திரும்பி வரவில்லை. அதன் திரையில் மஞ்சள் வெளிச்சத்தில், அந்நிய எழுத்தில் ஒரு வரி தோன்றியது. வரிக்குக் கீழே வட்டமாக ஒரு பொத்தான்.

பம்ப் ஆபரேட்டருக்குப் பத்தொன்பது வருட சர்வீஸ். அவர் திரையைப் போனில் படம் பிடித்து, அதிலேயே மொழிபெயர்க்கச் சொன்னார். போன் கொஞ்சம் யோசித்துவிட்டு, 'உமது நாக்கைத் தேர்க' என்றது. அவர் அதைத் தூக்கிக்கொண்டு செயற்பொறியாளரிடம் ஓடினார்.

"மிஷின் நாக்கைக் கேக்குதா?" என்றார் செயற்பொறியாளர்.

"போன் அப்படிச் சொல்லுது சார். வேற ஏதாவது அர்த்தம் இருக்கும். பொத்தானை அழுத்திப் பாக்கட்டுமா?"

"புரியாம அழுத்துவீங்களா? ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"அப்ப காலேஜ்ல அந்த மொழி தெரிஞ்ச டீச்சர் ஒருத்தங்க இருக்காங்களாம் சார். ஒரு எட்டு போய்க் கேட்டுட்டு வந்துடறேன்."

செயற்பொறியாளர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். தொலைநோக்கோடு பேசும்போது அவர் கண்ணாடி போடுவதில்லை.

"இன்னிக்கு ஒரு வரிக்குக் கேப்பீங்க. நாளைக்கு இன்னொரு வரி வந்தா? எத்தனை நாள் டீச்சர் வீட்டு வாசல்ல நிப்பீங்க? எனக்கு நிரந்தரத் தீர்வு வேணும். இந்த அலுவலகமே அந்த மொழியைக் கத்துக்கணும்."

அன்று மாலையே சுற்றறிக்கை வந்தது. 'புரியாத பொத்தானை அழுத்துதல் ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியது' என்பது அதன் முதல் பத்தி. இரண்டாவது பத்தி, பணியாளர் அனைவரும் கைபேசிச் செயலி வழியாக அந்நிய மொழியைக் கற்க வேண்டும் என்றது. சந்தையில் செயலிகள் பல இருப்பதாலும், சிறந்தது எதுவென அறியாமல் கற்கத் தொடங்குவது பொறுப்பற்ற செயல் என்பதாலும், முதற்கண் அவற்றை ஒப்பிட ஒரு குழு அமைக்கப்படுகிறது என்றது மூன்றாவது.

குழுவில் மூன்று பேர். தலைவர் செயற்பொறியாளர். உறுப்பினர்கள் தலைமை எழுத்தர் அம்மாவும் ஸ்டோர் கீப்பரும். ஆளுக்கு ஒரு செயலி. தலைமை எழுத்தருக்குக் கிளி படம் போட்டது. ஸ்டோர் கீப்பருக்கு ஆமை. செயற்பொறியாளர் தன் பதவிக்கு ஏற்ப, எந்தப் பிராணியும் இல்லாத, தங்க நிற எழுத்து மட்டும் உள்ள செயலியை எடுத்துக்கொண்டார்.

ஒப்பிடுவதற்கு நாற்பத்திரண்டு அளவுகோல்கள் வகுத்தார்கள். நிறம், மணியோசை, பாராட்டும் விதம், பதக்கத்தின் பளபளப்பு என்று போகிறது பட்டியல். நாற்பத்து மூன்றாவதாக 'மொழி வருகிறதா' என்று ஒன்று இருந்தது. ஆளுக்கு ஆள் மாறுபடும் விஷயம், அளக்க முடியாது என்று முதல் கூட்டத்திலேயே அதை அடித்துவிட்டார்கள்.

நாலு தெருவுக்கும் லாரியில் தண்ணீர் வந்தது. காலை ஆறு மணிக்கு முதல் தெரு முனையில் நிற்கும். ஆபரேட்டரின் அக்கா இரண்டாவது தெருவில் மூன்றாவது மாடியில் குடியிருந்தார். இரண்டு முழங்காலிலும் வலி. ஒரு குடத்தை மேலே கொண்டுபோக ஐந்து இடத்தில் நின்று மூச்சு வாங்க வேண்டும்.

"தம்பி மிஷினைப் பாத்துக்கற வேலையில இருக்கான், அக்கா குடம் தூக்கறா. ஊரே சிரிக்குது. அந்தப் பொத்தானை அழுத்தினா உன் விரல் என்ன தேஞ்சா போயிடும்?" என்றார் அக்கா.

"வேலை போயிடும்க்கா."

"போனா போகட்டும். என் முட்டி போச்சே, அது திரும்பி வருமா?"

அதற்குப் பிறகு அக்கா அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். ஆபரேட்டர் தினமும் வேலைக்குப் போகுமுன் அக்கா வீட்டுக்கு மூன்று குடம் தூக்கிக் கொடுத்தார். அக்கா கதவைத் திறந்து குடத்தை வாங்கிக்கொள்வார், முகத்தைப் பார்க்க மாட்டார். ஆபரேட்டர் படியிறங்கி நேராக இயந்திரத்திடம் போய், பேசாத இன்னொன்றின் முன்னால் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பார்.

இரண்டாவது மாதம் அவர் நினைவூட்டல் கடிதம் எடுத்துக்கொண்டு அலுவலகம் போனார். தலைமை எழுத்தர் அம்மா போனிலிருந்து நிமிரவில்லை.

"அம்மா, நாலு தெரு ஜனங்க லாரித் தண்ணிக்கு நிக்கிறாங்க."

"நிக்கட்டும்ப்பா. இங்க பாரு, ரெண்டு மணி நேரமா பாடம் படிக்கலைன்னு கிளி அழுவுது. முதல்ல இதைச் சமாதானப்படுத்திட்டு வர்றேன்."

ஸ்டோர் கீப்பரிடம் போனார். அவர் நாற்காலியில் சாய்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆமைச் செயலியில் ஒருவருக்கு ஐந்து உயிர். தப்பாகப் பதில் சொன்னால் ஓர் உயிர் போகும்.

"சார், ஒரு குழாய் வளையம் வேணும்."

"எனக்கு உயிர் இல்லப்பா. காலையிலேயே அஞ்சும் போச்சு. சாயங்காலம்தான் திரும்ப வரும். நாளைக்கு வாங்க."

செயற்பொறியாளருக்கோ தொடர்தான் கவலை. ஒரு நாள் விடாமல் படித்தால் தொடர் ஒன்று கூடும், ஒரு நாள் தவறினால் பூஜ்யம். மாமனாருக்கு அறுவை சிகிச்சை நடந்த அன்றும் அவர் ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்று, 'குதிரை ஆப்பிள் தின்கிறது' என்பதை அந்நிய மொழியில் ஏழு முறை சொன்னார். கடந்துபோன நர்ஸ் அவருக்குத் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தாள்.

"சார், இப்ப அந்த வரிக்கு அர்த்தம் சொல்லலாமா?" என்று ஆபரேட்டர் படத்தை நீட்டினார்.

செயற்பொறியாளர் உற்றுப் பார்த்தார். "இதுல குதிரை இல்லையே."

"இல்ல சார்."

"ஆப்பிளும் இல்ல. இது மேல்நிலைப் பாடத்துல வரும் போல. பொறுங்க."

இதற்குள் விஷயம் தெருவுக்குப் பரவிவிட்டது. அலுவலகமே படிக்கிறது என்றால் அதில் ஏதோ பலன் இருக்கும் என்று நாலு தெருவும் நம்பியது. லாரி வரிசையில் ஒரு மணி நேரம் சும்மா நிற்பதற்குப் பதில் ஆளாளுக்கு ஒரு செயலியை இறக்கிக்கொண்டார்கள். முதல் தெரு தையல்காரர் கிளி. எதிர்வீட்டு வாத்தியார் ஆமை. கிளி அழுவது குழந்தைகளின் மனதைப் பாதிக்கும் என்று ஆமைக்காரர்கள் சொன்னார்கள். உயிருக்குப் பயந்து படிப்பது ஒரு படிப்பா என்று கிளிக்காரர்கள் கேட்டார்கள். வரிசை இரண்டாகப் பிரிந்தது. இந்தப் பக்கம் குடம் வைத்தவர் அந்தப் பக்கத்தில் பெண் எடுக்க மாட்டார் என்கிற அளவுக்குப் போயிற்று.

அக்காவும் கிளியில் சேர்ந்தார். நாலாவது மாதம் நாலு தெருவுக்கும் முதலாக வந்தார். அந்த வாரம் ஆபரேட்டர் குடத்தோடு படியேறியபோது கதவு ஏற்கெனவே திறந்திருந்தது.

"டேய், நான் வைர வகுப்புக்குப் போயிட்டேன்" என்றார் அக்கா. பேசாமலிருந்த மூன்று மாதத்துக்குப் பிறகு முதல் வார்த்தை அது. "என் தாத்தா மேஜைக்கு அடியில இருக்காரு. இதை அந்த மொழியில சொல்லட்டா?"

ஆபரேட்டர் குடத்தை இறக்கி வைத்தார். அக்கா பேசியதில் அவருக்குக் கண் கலங்கியது. பேசிய விஷயத்தை அவர் மனதில் வாங்கிக்கொள்ளவில்லை.

ஏழாவது மாதம் குழு அறிக்கை கொடுத்தது. இருநூற்றுப் பதினெட்டுப் பக்கம். மூன்று செயலிகளும் தத்தம் வழியில் சிறந்தவை, ஆயினும் எந்த முடிவுக்கும் வருமுன் மேலும் ஒப்பிட வேண்டியுள்ளது, அதற்காக மேலும் ஆறு செயலிகள் அடையாளம் காணப்பட்டுள்ளன என்பது முடிவுரை.

அந்த வாரமே, யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. ஆபரேட்டர் முதல் மாதத்தில் தானாகவே இயந்திரக் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். அதற்குப் பதிலாக ஒரு மெக்கானிக்கே வந்து இறங்கினாள். ஒற்றைப் பை, ஒற்றைச் சடை, எண்ணெய்க் கறை படிந்த சட்டை.

குழு வாசலில் நின்று வரவேற்றது. செயற்பொறியாளர் முன்னால் வந்து, அவளுடைய மொழியில் கணீரென்று சொன்னார்: "நான் ஒரு தக்காளி. உங்கள் சித்தப்பா சமையலறையில் இருக்கிறாரா?"

மெக்கானிக் இதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். அவள் கம்பெனியும் அவளைச் சும்மா அனுப்பவில்லை. ஐந்து மாதம் செயலியில் நம் மொழி படிக்கவைத்துத்தான் அனுப்பியிருந்தது.

"வணக்கம்," என்றாள் நம் மொழியில். "என் குதிரைக்கு மூன்று மகள்கள். மூவரும் நீலம்."

எல்லோரும் கை தட்டினார்கள். நிகழ்ச்சி இரு தரப்புப் புரிந்துணர்வுக்குச் சான்றாகக் குறிப்பேட்டில் பதியப்பட்டது.

பிறகு அவள் உள்ளே போய்த் திரையைப் பார்த்தாள். திரும்பி எங்கள் ஆட்களைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்துவிட்டு வட்டப் பொத்தானை அழுத்தினாள். மொழிகளின் பட்டியல் ஒன்று விரிந்தது. பதினோராவதாக நம் மொழி இருந்தது. அதைத் தொட்டாள். மொத்தம் ஒன்பது விநாடி.

"எந்த மொழி வேணும்னு கேட்டிருக்கு சார்," என்றார் ஆபரேட்டர் மெதுவாக. "ஏழு மாசமா."

செயற்பொறியாளர் அது காதில் விழாத தூரத்துக்கு அரை அடி நகர்ந்தார்.

இப்போது திரையில் நம் மொழியில், நம் எழுத்தில் புதிய வரி வந்தது: 'உள்வருநீர் முன்வடிப்பக எதிர்ப்பாய்வு நிலுவையுற்றமையான் இயக்க இடைநிறுத்தம் நேர்ந்துளது, ஆவன செய்க.'

ஸ்டோர் கீப்பர் இரண்டு முறை படித்தார். செயற்பொறியாளர் கண்ணாடியைப் போட்டும் போடாமலும் படித்தார்.

"இதுக்கு என்ன சார் அர்த்தம்?" என்றார் ஆபரேட்டர்.

"நம்ம மொழிதானே" என்றார் செயற்பொறியாளர். "படிங்க."

"படிச்சிட்டேன் சார்."

"கடைசியில 'ஆவன செய்க'ன்னு இருக்கு, அது எனக்குத் தெரியும்" என்றார் தலைமை எழுத்தர் அம்மா. "தினம் நான் எழுதறதுதான்."

"அப்படின்னா என்னம்மா செய்யணும்?"

"காகிதத்தை அடுத்த மேஜைக்குத் தள்ளணும்."

மெக்கானிக் இவர்களோடு பேசிப் பயனில்லை என்று கண்டுகொண்டாள். ஆபரேட்டரின் கையைப் பிடித்து இயந்திரத்தின் பின்பக்கம் கூட்டிப்போய், வடிகட்டியைக் காட்டினாள். இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துத் துவைப்பது போலச் செய்தாள். ஆபரேட்டருக்குப் புரிந்துவிட்டது. இருபது நிமிடம் இருவரும் முழங்கையளவு சேற்றோடு வடிகட்டியைக் கழுவினார்கள். பதினொன்றே முக்காலுக்கு மேட்டுத் தெருக் குழாய்களில் தண்ணீர் வந்தது.

ஆபரேட்டர் அப்படியே ஈரச் சட்டையோடு அக்கா வீட்டுக்கு ஓடினார், மூன்று மாடியும் ஒரே மூச்சில். அக்கா குழாயடியில் நின்றிருந்தார்.

"வந்துடுச்சுக்கா. இனிமே யாரும் குடம் தூக்க வேண்டாம்."

"அப்ப லாரி?"

"லாரி எதுக்குக்கா? நிறுத்தச் சொல்லியாச்சு."

"நாளையிலிருந்து வரிசையே கிடையாதா?" அக்கா குழாயை மூடினார். "நாளைக்குத்தான் ஆமைக்காரங்களுக்கும் எங்களுக்கும் கடைசிப் போட்டி. எல்லாரும் எங்க நிப்போம்? ஒரு வார்த்தை கேட்டுட்டு மிஷினை ஓட்டக் கூடாதா நீ?"

மறுநாள் ஆபரேட்டருக்குக் குறிப்பாணை வந்தது. திரையில் கண்ட வாசகம் புரியாத நிலையிலேயே வடிகட்டியைக் கழுவியது ஏன் என்று ஏழு நாட்களுக்குள் விளக்க வேண்டும்.

அதே நாள் அலுவலகத்துக்கு ஒரு மனுவும் வந்தது. நாலு தெருவும் கட்சி மறந்து ஒன்றாகச் சேர்ந்து எழுதியது. காலை ஆறிலிருந்து ஏழு வரை குழாய்த் தண்ணீரை நிறுத்தி, லாரியை மறுபடி அனுப்புமாறு அதில் தாழ்மையுடன் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. ஏழு மாதத்தில், கொடுத்த அன்றே அந்த அலுவலகம் முழுமையாக நிறைவேற்றிய மனு அது ஒன்றுதான். ஆறு மணிக்குப் பொத்தானை அழுத்தி நிறுத்தும் பொறுப்பு, எழுத்து மூலமான உத்தரவோடு, ஆபரேட்டரிடமே ஒப்படைக்கப்பட்டது.

முந்நூற்றுப் பன்னிரண்டில் நூற்று நாற்பதாவது கையெழுத்து என்னுடையது. எனக்கு அன்று தொடர் எண்பத்தொன்பது நாள்.