வெறும்வயிறு டாக்டரின் ஓராண்டு ஆட்சி

பசியைக் காட்டி மிரட்டியே ஒரு சங்கத்தை வருடம் முழுக்க நடத்தியவர், நான் அறிந்தவரை, சித்தூர் தாலுகாவில் ஒருவர்தான். அவரை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. தலைவலி என்று போனாலும் காலில் முள் குத்தியது என்று போனாலும், "நாளைக்குக் காத்தால வெறும் வயித்துல வாங்க" என்று திருப்பி அனுப்புவார். பெருமாட்டிப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர்கள் வெறும்வயிறு டாக்டர் என்று பெயர் வைத்தார்கள். கல்யாணப் பத்திரிகையின் மேலுறையிலும் அப்படித்தான் எழுதினார்கள். அவரும் வந்து வயிறு நிறையச் சாப்பிட்டுப் போவார்.

எங்கள் வட்டார டாக்டர்கள் சங்கத்துக்கு அவர் தலைவரானது ஓர் இரங்கல் கூட்டத்தில். முந்தைய தலைவர் நோயாளிக்கு மருந்து எழுதிக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பில் சரிந்துவிட்டார். வயது ஐம்பத்திரண்டு. காலியான நாற்காலியில் உட்கார யாருக்கும் மனம் வரவில்லை. இவர் உட்கார்ந்தார். பத்திரிகைக்குச் செய்தி எடுக்கப் போயிருந்த நான் அவர் பேச்சைக் குறித்துக்கொண்டேன். அது மூன்று வரிக்கு மேல் போகவில்லை.

"அவரு ஊருக்கெல்லாம் பிரஷர் பாத்தாருங்க. அவருக்கு நாம ஒருத்தரும் பாக்கலீங்க. எம்பட பதவி வருசம் முடியறதுக்குள்ள, சங்கத்துல இருக்கற இருவத்தாறு பேரையும் பாத்துப்போடோணும்."

எல்லோரும் கைதட்டினார்கள். வழக்கமான பேச்சு என்று நினைத்துவிட்டார்கள்.

அதுவரை மாதக் கூட்டம் என்றால் ஓட்டலில் ராத்திரிச் சாப்பாடு. பத்து நிமிடம் மருத்துவம், ஒன்றரை மணி நேரம் பரோட்டா. புதிய தலைவர் அதை ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு மாற்றினார். பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் குடிக்காமல் வர வேண்டும். மண்டபத்தின் அந்தக் கோடியில் இட்லிக் கொப்பரை ஆவி விட்டுக்கொண்டிருக்கும். நடுவில் ஊசியோடு ஒரு லேப் அம்மிணி. கையை நீட்டி ரத்தம் கொடுத்தவருக்கு மட்டும் அந்தப் பக்கம் போக அனுமதி. செய்தி எடுக்கப் போன நானும் ரத்தம் கொடுத்துத்தான் சட்னியைப் பார்த்தேன்.

முதல் மாதம் ஒன்பது பேர் வந்தார்கள். மூன்று பேர்தான் இட்லி சாப்பிட்டார்கள். எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும் என்று தினமும் நூறு குழந்தைகளிடம் சொல்லும் குழந்தை டாக்டர், அடுத்த மாதம் எடுத்துக்கொள்கிறேன் என்றார். ஆறடி உயர எலும்பு டாக்டர் கண்ணை இறுக மூடி "அம்மா" என்று அலறினார். ஊசி இன்னும் உறையைவிட்டு வெளியே வந்திருக்கவில்லை. காது மூக்கு டாக்டர் மலையாளி. ஞாயிற்றுக்கிழமை காலையில் இல்லவே இல்லாத ராகுகாலம் கழியட்டும் என்று மலையாளத்தில் கெஞ்சிப் பார்த்தார்.

வராதவர்களைத் தேடித் தலைவரே போனார். அவர்களுடைய கிளினிக்கில் டோக்கன் வாங்கி, நோயாளிகளோடு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். முறை வந்ததும் உள்ளே போய், என்ன ஏது என்று கேட்பதற்குள் டாக்டரின் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றிவிடுவார். தோல் டாக்டர் ஒரு நாள் பின்வாசல் வழியாகத் தோப்புக்குள் ஓடினார். தலைவர் மொபெட்டில் வாய்க்கால் வரப்போடு துரத்திப் போய், மூச்சு வாங்கி நின்றவருக்கு அங்கேயே பிரஷர் பார்த்து, ஓடியதற்காக இருபதைக் கழித்து எழுதிக்கொண்டார். நான் அதைத் 'தோப்பில் மருத்துவ முகாம்' என்று செய்தியாக்கினேன். அதில் பொய் எதுவும் இல்லை.

ஆறாவது மாதம், ஊசிக்கு அலறிய எலும்பு டாக்டருக்கு இருதயத்தில் அடைப்பு இருப்பது தெரிந்து கோயமுத்தூருக்கு அனுப்பினார்கள். அவர் இளைத்துத் திரும்பி வந்தார், உயிரோடு. அதன்பிறகு முணுமுணுப்புக் குறைந்தது. பதவியின் கடைசி நாளன்று இரண்டே பேர் பாக்கி. ஒருவர், பாதிப் பஞ்சாயத்துக்குப் பிரசவம் பார்த்த எண்பது வயது டாக்டரம்மா. மற்றவர் தலைவர்.

தலைவர் எப்படித் தப்பினார் என்பதை நான் முன்பே கவனித்திருந்தேன். ஒவ்வொரு கூட்டத்திலும் அவர் சட்டைப்பையில் ஒரு சட்னிப் பொட்டு இருக்கும். வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வருவார். தன் முறை வந்தால், சாப்பிட்டாச்சே, இனி எடுத்துப் பலனில்லையே என்று வருத்தப்படுவார்.

கடைசி நாள் காலை அவர் டாக்டரம்மாவின் கிளினிக்குக்குப் போனார். நானும் கூடப் போனேன். அந்த அம்மாள் கையை மறுக்காமல் நீட்டினார். பிரஷர் சரியாக இருந்தது. பிறகு பட்டையை அவிழ்த்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு தலைவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஊருக்கெல்லாம் வெறும் வயிறு. உனக்கு மட்டும் நாலு இட்லியாடா கண்ணு?"

தலைவர் சட்டைப்பையைக் கையால் மூடிக்கொண்டார்.

"பிரஷர் பாக்கறதுக்கு வெறும் வயிறு வேண்டாம். கையக் குடு."

"அப்பறமேல்ட்டு பாக்கலாங்கம்மா."

"அடுத்த வாரம் வர்றேம்பே. எத்தன பேரப் பாத்திருக்கறேன் நானு."

தலைவர் தரையைப் பார்த்தார். பிறகு, அவருடைய நோயாளிகள் அவரிடம் சொல்லும் அதே தாழ்ந்த குரலில் சொன்னார்: "பாத்தா ஏதாச்சும் இருந்துபோடுங்கம்மா."

"இருந்தா இருக்கட்டும். நாங்கெல்லாம் எதுக்குடா இருக்கறோம்?"

தலைவரின் பிரஷர் நூற்றுத் தொண்ணூறு. டாக்டரம்மா அவரைக் கட்டிலில் படுக்க வைத்து நர்ஸிடம் ஈசிஜி எடுக்கச் சொன்னார். நர்ஸ் யாரிடம் போனில் சொன்னாளோ, அரை மணி நேரத்தில் வாசலில் கார்கள் நிற்க இடமில்லை. வருடம் முழுக்க அவரைத் திட்டித் தீர்த்த இருபத்து நான்கு பேரும் கிளினிக்கை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தார்கள். தோல் டாக்டர் செருப்பில்லாமல் வந்திருந்தார். பெருமாட்டியைச் சுற்றி அன்று காய்ச்சல்காரர்கள் மாலைவரை காத்திருந்தார்கள்.

ஈசிஜி தாள் வெளியே வந்ததும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்தார்கள். இருதயத்துக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாத காது மூக்கு டாக்டரும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். பயப்பட ஒன்றுமில்லை, மாத்திரை போதும், இரண்டு நாள் இங்கேயே படுத்திருக்கட்டும் என்றார் டாக்டரம்மா. எந்த நோயிலும் ஒத்துப்போகாத அந்த இருபத்து நான்கு பேரும் ஒரே குரலில், இரண்டு நாள் போதாது, ஒரு வாரமாவது வைத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள்.