பெரியம்மாவின் உறைமோரும் என் வைரஸ் பிரசங்கமும்

படித்த படிப்பை வீட்டில் காட்டக் கூடாது. நான் காட்டினேன், அதுவும் அக்காவின் நிச்சயதார்த்தத்தன்று.

அப்போது நான் நுண்ணுயிரியல் முதுகலை முதலாம் ஆண்டு. (எனக்குத் தெரியாதது உலகத்தில் எதுவுமே இல்லை என்று நினைக்கிற வயசு.) மாலை ஆறு மணிக்குக் கம்பத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் அல்லிநகரத்தில் எங்கள் வீட்டுக்கு வரவேண்டும். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு வயிற்றுப்புண். இரவில் தயிர்ச்சோறு தவிர வேறு எதையும் தொடமாட்டார். அதனால் பெரியம்மா காலையிலேயே ஒரு அண்டா பாலைக் காய்ச்சி இறக்கிவிட்டு, ஆறட்டும் என்று உறைமோர்க் கிண்ணத்தோடு காத்திருந்தார்.

நான் விடுவேனா?

"பெரியம்மா, இந்த உறைமோருக்குள்ள இருக்குற பாக்டீரியாவுக்கும் வைரஸ் வரும், தெரியுமா?"

"அதுக்குமா காய்ச்சல் வருது?"

"பொழைச்ச பாக்டீரியா அந்த வைரஸோட மரபணுவுல ஒரு துண்ட எடுத்துத் தன்னோட மரபணுவுல சேத்து வச்சுக்கும். அதே வைரஸ் மறுபடி வந்தா அடையாளம் கண்டு கத்தரிச்சுப் போட்டுரும். அந்தக் கத்தரியத்தான் இப்ப விஞ்ஞானிக எடுத்து, எந்த ஜீனையும் வேணுங்கிற எடத்துல வெட்டித் திருத்துறாக!"

பெரியம்மா வாயைப் பிளந்து கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பேச்சு வேகத்தில் கிண்ணத்தைப் பிடுங்கி, மொத்த உறைமோரையும் அண்டாவில் ஊற்றிக் கலக்கி மூடிவிட்டேன். பாலில் ஆவி பறந்ததை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. வைரஸுக்கே அசராத அத்தனை பாக்டீரியாவையும் நானே வேகவைத்திருந்தேன்.

மாலையில் விளக்கேற்றி, தட்டு மாற்றி, பந்தியும் போட்டாயிற்று. பெரியம்மா அண்டாவைத் திறந்தார். பால் பாலாகவே இருந்தது.

"ஏலே, கொதிக்கிற பால்லயா ஊத்துன?"

முகூர்த்த நாள் என்பதால் கடைகளில் பாக்கெட் தயிர் காலி. அக்கம்பக்கத்து வீடுகளுக்கு ஓடினேன். "வெளக்கு வச்ச பெறகு தயிரு, மோரு வெளிய குடுக்க மாட்டோம்ப்பா" என்று நான்கு வீட்டிலும் ஒரே பதில். முதல் நாளே சம்பந்தியைப் பட்டினி போடுவதா என்று அக்கா கண் கலங்கி நின்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"நீயே போய்ச் சொல்லு" என்று அப்பா என்னைப் பந்திக்குத் தள்ளிவிட்டார்.

"மாமா, தயிர் உறையல. நான்தான் சூட்டோட உறை ஊத்திட்டேன்."

மாப்பிள்ளையின் அப்பா நிமிர்ந்து பார்த்தார். "தம்பி என்ன படிக்கிறீக?"

"பாக்டீரியா பத்தி, மாமா."

மனிதர் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. "அப்பச் சரி. அந்தப் பாலையே ஊத்துங்க!" என்று இலையை முன்னால் தள்ளினார்.

இப்போது நான் ஓர் ஆய்வகத்தில், வைரஸைத் தாங்கும் வாழைக்காக ஜீன் திருத்திக்கொண்டிருக்கிறேன். கம்பத்தில் அக்கா வீட்டுக்குப் போனால், அடுப்பில் பால் இருக்கிறதென்று தெரிந்ததும் அவளுடைய மாமனார் வாசலில் நாற்காலி போட்டுவிடுவார்.

"தம்பி, அங்கனயே உக்காருங்க. பால் ஆறட்டும்."

உட்கார்ந்திருப்பேன். ஆறியதும் அவரே வந்து கூப்பிடுவார்.