நடை டெய்லரின் நோட்டு

தமிழ்நாட்டிலேயே மனிதர்களைச் சரியாகப் பார்க்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் யாருடைய முகத்தையும் பார்க்க மாட்டார். முழங்காலுக்குக் கீழேதான் பார்ப்பார்.

சொல்வது யார்? நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, கருமத்தம்பட்டியில் கூலிக்குத் தறி ஓட்டி, இன்று நாற்பத்தெட்டுத் தறிக்கு முதலாளியாக நிற்கிறவன். ஆள் பார்ப்பதில் நான் ஏமாந்ததே கிடையாது.

கோயமுத்தூர்ப் பெரியகடை வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் அவருடைய கடை. ஊருக்கெல்லாம் அவர் 'நடை டெய்லர்', எனக்கு பாய். பேண்ட் தைக்கப் போனால் டேப்பை எடுக்க மாட்டார். "சந்து முனை வரைக்கும் போய்ட்டு வாங்க" என்பார். போய் வந்தால், "இன்னொருக்கா, கொஞ்சம் அவசரமா" என்பார்.

ஒரு இன்ஸ்பெக்டரை முதலில் திருடனைத் துரத்துவது போல நடக்கச் சொன்னார். பிறகு மேலதிகாரி கூப்பிட்டது போல நடக்கச் சொன்னார்.

"எதுக்குய்யா ரெண்டு?"

"ரெண்டும் வேற வேற நடைங்க சார். உங்களுக்கு எது ஜாஸ்தியோ அதுக்குத் தைக்கோணுமல்லங்க?"

இன்ஸ்பெக்டர் வெகுநேரம் யோசித்துவிட்டு, இரண்டாவதற்கே தைக்கச் சொன்னாராம்.

நடையைப் பார்த்ததும் அளவு நோட்டில், பேருக்கு நேராக ஓர் இங்கிலீஷ் வார்த்தை எழுதுவார். ஒரு கான்வென்ட் வாத்தியார் தைக்கக் கொடுத்த கோட்டை வாங்காமலே மாற்றலாகிப் போய்விட்டார். கோட்டுப் பையில் ஒரு குட்டி அகராதி இருந்தது. பாய் அதில் நடை சம்பந்தமான வார்த்தைகளை மட்டும் பொறுக்கி மனப்பாடம் செய்துவிட்டார். வாத்து மாதிரி ஆடி நடந்தால் 'வாடில்'. அதற்குத் தொடையில் ஒரு விரல் துணி கூட. காலைத் தேய்த்து நடந்தால் 'ஷஃபிள்'. அதற்குக் கீழ் மடிப்பு அரை இஞ்சு மேலே. தொம்தொம்மென்று மிதித்து வந்தால் 'ஸ்டாம்ப்'. அதற்கு இரட்டைத் தையல்.

"ஏனுங்க பாய், தமிழ்ல எழுதுனா என்னுங்க?"

"தமிழ்ல எழுதுனா படிச்சுப்போட்டு சண்டைக்கு வருவாங்க. இங்கிலீஷ்ல எழுதுனா பெருமையா பாத்துட்டுப் போயிருவாங்க. ஆனா ஒண்ணுங்க மொதலாளி, தடுக்கி நடக்கறதுக்கே இத்தன வார்த்த வெச்சிருக்கான். வெள்ளக்காரன் நெறைய விழுந்திருப்பானாட்ட இருக்குது."

நான் அவரிடம் போனது என் மகள் கல்யாணத்துக்காக. சம்பந்தி வீடு ஆர்.எஸ்.புரம். அங்கே நாய்க்குக்கூட இங்கிலீஷ்தான். நிச்சயதார்த்தத்தன்று நான் கம்பளத்தில் தடுக்கிச் சம்பந்தியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விழுந்தேன். பாசம் என்று சமாளித்துவிட்டேன். ஆனால் வீடியோ அவர்கள் வீட்டு வாட்ஸப் முழுக்கச் சுற்றியது. "ரிசப்ஷன்ல மெதுவா வாங்கப்பா" என்று மகள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அதுதான் எனக்குத் தைத்தது. வாசலிலிருந்து மேடைக்கு இருபது எட்டு. கோட்டு சூட்டோடு அதை நான் விழாமல் நடந்தாக வேண்டும்.

சூட்டுத் துணியைக் கொடுத்துவிட்டு, பாய் முன்னால் நெஞ்சை நிமிர்த்தி ராஜநடை போட்டேன்.

"இது உங்க நடை இல்லீங்க" என்றார். திடீரென்று, "ஐயோ, உங்க கார ஆட்டோக்காரன் இடிச்சுப்போட்டானுங்க!" என்று கத்தினார். நான் சந்து முனைக்கு ஓடினேன். கார் பத்திரமாக நின்றது. திரும்பி வந்தால் பாய் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

என் பேருக்கு நேரே இருந்த வார்த்தையை மட்டும் போனில் படம் பிடித்து மகளுக்கு அனுப்பினேன். அவள் உடனே கூப்பிட்டாள்.

"லம்பர்னு போட்டிருக்குதுங்கப்பா. பாரம் ஏத்துன வண்டியாட்ட அசைஞ்சு அசைஞ்சு வாரது. ஆரைங்கப்பா சொல்றாங்க?"

"இங்க ஒருத்தர் வந்திருக்காரு கண்ணு. பாவம்."

போனை வைத்துவிட்டுப் பாயைப் பிடித்துக்கொண்டேன். "நான் வண்டியாட்டவா இருக்கறேன்?"

"வருசக்கணக்கா வலது தோள்ல தறிக்கு நூல் சுத்துன பீம் உருளையத் தூக்கியிருக்கீங்க. அந்தத் தோள் அரை இஞ்சு எறங்கியிருக்குது, நடை அந்தப் பக்கம் சாயுது. இத உங்களுக்குச் சொல்லலீங்க, என்ற கத்திரிக்குச் சொன்னேன்."

கோயமுத்தூரில் எந்த டாக்டரும் கண்டுபிடிக்காத தோள் அது. ஆனாலும் கோபம் கோபம்தான். "துணிய நீங்களே வெச்சுக்குங்க!" என்று கிளம்பிவிட்டேன்.

ஒரு பெரிய கடையில் ரெடிமேட் சூட்டு எடுத்தேன். வீட்டில் போட்டுப் பார்த்து மாடிப்படி இறங்கினேன். நாலாவது படிவரை ராஜாதான். மீதிப் படிகளை நான் நடக்கவில்லை.

ரிசப்ஷனுக்கு இரண்டு நாள் முன்பு மறுபடியும் சந்துக்குப் போனேன். ஆணியில் என் சூட்டு தைத்துத் தேய்த்துத் தொங்கியது.

"நான் வருவேன்னு ஆருங்க சொன்னது?"

"கோவிச்சுட்டு நடந்து போனீங்களே, அதுதானுங்க நெசமான நடை. அதப் பாத்துத்தான் மடிப்ப இன்னும் கால் இஞ்சு ஏத்துனேன்."

ரிசப்ஷனில் இருபது எட்டும் நடந்தேன். வெண்ணெய் மாதிரி. மகள் மேடையிலிருந்து என் காலைப் பார்த்தாள், அப்புறம் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். முன்வரிசையில் பாய் என் பேண்ட் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மேடை ஏறியதும் எழுந்து என்னை வாழ்த்த வந்தார்.

நாலு எட்டு வைத்திருப்பார். அவருடைய பேண்ட் அவர் குதிகாலிலேயே மாட்டியது. பக்கத்திலிருந்த பீடா ஸ்டாலைப் பிடித்தார். ஸ்டாலும் அவரோடு வந்தது. வெற்றிலைக்கு நடுவில் பாய் கிடந்தார். மண்டபமே சிரித்தது. சம்பந்தி வீட்டில் நாலு போன் மேலே எழும்பியது.

எனக்கு ராஜநடையும் மறந்தது, இருபது எட்டும் மறந்தது. மேடையிலிருந்து லம்பரிலேயே ஓடினேன். பீம் தூக்கிய அதே தோளைக் கொடுத்து அவரைத் தூக்கினேன். அந்த வீடியோவும் சுற்றியது. சுற்றட்டும்.

"ஏனுங்க பாய், ஊருக்கெல்லாம் நடை பாத்துத் தைக்கறீங்க. நோட்டுல உங்க பேருக்கு நேரா என்ன எழுதியிருக்கீங்க?"

அவர் தலையிலிருந்த வெற்றிலையை எடுத்துவிட்டுச் சொன்னார்: "காலமெல்லாம் மெசின்லயே உக்காந்திருக்கறேன். நான் நடக்கறத நான் எங்கீங்க பாத்தேன்?"

அடுத்த வாரம் கடைக்குப் போய் நோட்டைக் கேட்டு வாங்கினேன். பாயைச் சந்து முனை வரைக்கும் மூன்று தடவை நடக்க வைத்தேன். மெசின் மிதித்து மிதித்து வலது கால் முந்துகிறது, இடது கால் அதைத் தேடிக்கொண்டு பின்னால் வருகிறது. அவருக்கு மடிப்பை ஒரு இஞ்சு ஏற்றச் சொன்னேன்.

"அதுக்கு இங்கிலீஷ்ல என்ன வார்த்தைங்க மொதலாளி?" என்று ஆவலாகக் கேட்டார்.

எனக்கு ஏது இங்கிலீஷ்? அவர் பேருக்கு நேராக, என் நாலாம் வகுப்புத் தமிழில் எழுதிக் கொடுத்தேன்: 'மெதுவாக வருவார். காத்திருக்கவும்.'