டவர் பாறைச் செருப்பு வரிசை

பதினோரு மணிக்கு நேர்காணல். பத்தரைக்கு இளவரசன் மூச்சு வாங்க டவர் பாறைக்கு வந்து சேர்ந்தபோது, அங்கே ஏற்கெனவே ஆறு ஜோடி செருப்புகள் வரிசையில் கிடந்தன.

மலைமேல் நெல்லிவாசல்நாட்டில் இருக்கும் அந்தச் சிற்றூருக்கு செல்போன் சிக்னல் கிடைப்பது அந்தப் பாறை உச்சியில் மட்டும்தான், அதுவும் ஒரு நேரத்தில் ஒரு போனுக்குத்தான். பேச வேண்டியவர்கள் செருப்பை வரிசையில் விட்டுவிட்டுப் புளியமரத்தடியில் உட்கார்ந்துகொள்வார்கள். செருப்பு கிடக்கும் இடம்தான் ஆளின் இடம். வரிசையைக் காப்பது முனியம்மா. அவளை யாரும் நியமிக்கவில்லை. புளி உலுக்கும் கழி அவள் கையில் இருந்தது, அவ்வளவுதான்.

இளவரசன் மலைக்குக் கீழே கல்லூரியில் இரண்டாமாண்டு. மூன்று மாதம் நார்வே போய்ப் படிக்க ஒரே ஓர் இடம் இருந்தது. அதற்காகவே எட்டு மன்றங்களில் சேர்ந்திருந்தான். சுற்றுச்சூழல் மன்றத்தில் யாரோ நட்ட கன்றுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டான். விவாத மன்றத்தில் மைக்கைத் தட்டிப் பார்த்து "ஹலோ" சொன்னான். எட்டுக்கும் சான்றிதழ் உண்டு. தலைமைப்பண்பு பற்றி ஆங்கிலத்தில் மூன்று பக்கம் மனப்பாடம். இந்த இடம் போனால் விமானத்தை அண்ணாந்து பார்ப்பதோடு வாழ்க்கை முடிந்துவிடும் என்று அவனுக்கு நிஜமாகவே பயம்.

"அக்கா, பதினோரு மணிக்கு எனக்கு இன்டர்வியூ. முன்னாடி வுட்டுருங்க."

"கோபால்சாமி மாட்டு டாக்டருக்குப் போன் போடணும். மாடு கன்னு போடப் போவுது. அதுங்கிட்ட போய் இன்டர்வியூன்னு சொல்லிட்டு வா."

வேறு வழியின்றி ஷூவைக் கழற்றி ஏழாவதாக வைத்தான். முனியம்மா வெற்றிலை மடிக்கத் திரும்பிய நேரம் பார்த்து, நைசாக முதலிடத்துக்கு நகர்த்தினான். ரப்பர் செருப்புகளுக்கு முன்னால் பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ பளபளவென்று நின்றது.

"இது தானா நடந்து வந்துச்சா?" முனியம்மா கழியால் ஷூவைத் தூக்கிக் கடைசியில் போட்டாள். அதற்குள் இன்னும் நாலு ஜோடி சேர்ந்திருந்ததால் இப்போது அது பதினோராவது.

மணி பத்தே முக்கால். இளவரசன் புளியமரத்தடிக்கு ஓடினான்.

"என்னை முன்னாடி வுடுங்க. உங்க வேலையெல்லாம் என் போன்லயே முடிச்சுத் தர்றேன்."

பத்துப் பேரும் சந்தோஷமாகச் சம்மதித்தார்கள். சரியாகப் பதினோரு மணிக்குப் பத்துப் பேரும் அவன் தோளுக்குப் பின்னால் ஏறி நின்றார்கள்.

திரையில் மூன்று முகங்கள். அவன் கல்லூரிப் பேராசிரியர் ரேணுகாதேவி, நார்வேயிலிருந்து ஒரு தாடிக்காரர், ஒரு பெண்மணி. மன்றங்களில் என்ன கற்றாய் என்று தாடிக்காரர் கேட்டார். இளவரசன் முதல் பக்கத்தைத் தடதடவென்று ஒப்பித்தான்.

"இளவரசு, எனக்கு கேஸ் புக் பண்ணிட்டியா?" என்றாள் பின்னால் நின்ற ராணியம்மாள்.

"அந்த தாடிக்காரருதான் மாட்டு டாக்டரா?" கோபால்சாமி எட்டிப் பார்த்தார். "கன்னுக்குக் கால்தான் மொதல்ல தெரியுது. இன்னா பண்றதுன்னு கேளு."

இரண்டாம் பக்கம் சுத்தமாக மறந்துபோனது. சத்தத்தை அடைக்கும் பொத்தானைத் தேடியவன், பதற்றத்தில் கேமராவைத் திருப்பிவிட்டான். மொத்த ஊரும் நார்வேக்குத் தெரிந்தது. பத்துப் பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

"இதைப் பிடிங்கக்கா" என்று போனை, கழியோடு ஏறி வந்திருந்த முனியம்மாவிடம் திணித்துவிட்டு, கூட்டத்தைக் கெஞ்சிக் கூத்தாடிக் கீழே இறக்கினான். வெறுங்காலில் முள் ஏறியது. அதைப் பிடுங்கிவிட்டு நொண்டிக்கொண்டே மேலே வந்தால், நேர்காணல் முனியம்மா தலைமையில் நடந்துகொண்டிருந்தது.

"ஒவ்வொருத்தரா கேளுங்க. மொதல்ல தாடிக்காரரு. அந்தம்மா, கைய எறக்குங்க, உங்க முறை வரும்."

ரேணுகாதேவி சிரிப்பை அடக்கியபடி மொழிபெயர்த்தார். எதற்கு இத்தனை செருப்பு என்று தாடிக்காரர் கேட்டிருந்தார்.

"அதாங்க வரிசை. புள்ளத்தாச்சி, நோயாளி வந்தா செருப்பில்லாமலே முன்னாடி போலாம். திருட்டுத்தனம் பண்ணா கடைசி." போனை இளவரசன் பக்கம் திருப்பினாள். "தோ, இவனை மாதிரி."

அத்தோடு சிக்னல் போய்விட்டது.

கன்றுக்குட்டி நல்லபடியாகப் பிறந்தது. இளவரசன் மட்டும் ஒன்பது நாள் யார் முகத்திலும் விழிக்கவில்லை. பத்தாம் நாள், ஊருக்கு ஆளும் சாமானும் ஏற்றிவரும் ரஹ்மானின் ஜீப் மலையேறி வந்த சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், முனியம்மா வீட்டு வாசலில் செருப்புகள் கிடந்தன. யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று வெறுங்காலோடு ஓடினான்.

வாசலில் ரஹ்மான் நிதானமாக டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாண்ணே ஆச்சு?"

"ஒன்னும் ஆவல. உங்க காலேஜ் மேடம் கடிதாசி குடுத்தனுப்புனாங்க. நார்வேலேர்ந்து வந்திருக்கு."

"எனக்கு இடம் கெடச்சிடுச்சாண்ணே?"

"கடிதாசி முனியம்மாவுக்குப்பா. அந்த ஊர் பசங்களுக்கு ரெண்டு வாரம் வந்து வரிசை காக்குறதைப் பத்திப் பாடம் எடுக்கணுமாம், கூட இங்கிலீஷ் பேச ஒரு ஆள் வரலாமாம். கூட போற அந்த ஒரு எடத்துக்கு கோபால்சாமியோட சேர்த்து அஞ்சு ஜோடி செருப்பு வுழுந்துடுச்சு, நீயும் ஓடிப்போய் ஷூவை எடுத்தாந்து வை, இந்த தடவையாவது நவுத்தாத."