சிலுவைப்போரில் போன மனைவி

கண்ணை மூடிக்கொண்டு பேசுகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. தூக்கத்தில் உளறுகிறவர்களைச் சொல்லவில்லை. அவர்கள் பாவம், விடிந்தால் நிறுத்திவிடுவார்கள். "யாராவது ஒரு சின்ன ஜெபம் பண்ணுங்களேன்" என்று எவராவது வாய்தவறிச் சொன்னதும், தொண்டையைக் கனைத்து, சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டு, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு முன்னால் வந்து நிற்பாரே, அவரைச் சொல்கிறேன். உங்கள் சபையிலும் ஒருவர் இருப்பார். இல்லவே இல்லை என்கிறீர்களா? அப்படியானால் ஒருவேளை... சரி, அதை அப்புறம் வைத்துக்கொள்வோம்.

நம்முடையவர் ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார். முதுகுக்குப் பின்னால் அவருக்குச் 'சின்ன ஜெபம்' என்றே பெயர். ஆண்டவருக்கு எல்லாம் தெரியும் என்று மனப்பூர்வமாக நம்புகிறவர்; இருந்தாலும் விவரத்தைச் சொல்லிவிடுவது நல்லது என்று நினைக்கிறவர். பிறந்தநாள் வீட்டில், தொள்ளாயிரத்து அறுபத்தொன்பது வயது வாழ்ந்த மெத்தூசலாவைத் தொடாமல் விடமாட்டார். கேக்கின் மேலிருக்கும் மெழுகுவர்த்தி தானாகவே அணைந்துவிடும். சாப்பாட்டுக்கு முன் என்றால், வனாந்தரத்தில் வானத்து அப்பமான மன்னா விழுந்து, ரோம சாம்ராஜ்யமும் விழுந்து, சமைத்தவர் இரண்டாம் தரம் சுடவைத்து, அதுவும் ஆறிப்போயிருக்கும். "முடிவாக, ஆண்டவரே" என்பார். நம்பிவிடாதீர்கள். அது அவர் மூச்சு வாங்கும் இடம். "இயேசுவின் நாமத்தில்" என்பார். அப்பாடா என்று எல்லோரும் கண்ணைத் திறந்தால், "கூடியிருக்கிற இந்த வேளையிலே" என்று வண்டியை அடுத்த தெருவுக்குள் திருப்புவார். மேடையில் அறுக்கிறவரை உட்காரச் சொல்லலாம், பாடுகிறவரின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கலாம். ஜெபிக்கிறவரை யாரால் தடுக்க முடியும்?

இப்படிப்பட்டவரின் மனைவிக்குப் பித்தப்பையில் கல். தள்ளுவண்டியில் படுக்கவைத்து, தலையில் பச்சைத் தொப்பி மாட்டி, ஆபரேஷன் தியேட்டர் வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். ஊசியைப் பார்த்தாலே நடுங்குகிறவர் அந்த அம்மாள். தடவித் தடவிக் கணவரின் கையைப் பிடித்தார்.

"என்னங்க, எனக்கு ரொம்ப பயமா இருக்குங்க."

வாத்தியாருக்கும் பயம்தான். சொல்லப்போனால் அவருக்குத்தான் அதிகம். இவள் திரும்பி வராவிட்டால் என்ற கேள்வி காலையிலிருந்து கூடவே வந்துகொண்டிருந்தது. கண்ணைத் திறந்துகொண்டு அதைப் பார்க்க அவரால் முடியவில்லை. மனிதர் என்ன செய்வார்? கையை விடுவித்துக்கொண்டு கழுத்துப் பொத்தானைப் போட்டார்.

"ஒரு சின்ன ஜெபம் பண்ணிடுவோம்."

"ஐயோ, வேணாம் அத்தான்! டாக்டர் காத்துட்டு இருக்காரு!" என்று பதறினார், லாரி ஓட்டுகிற மைத்துனர்.

"பண்ணட்டும் சார், சின்னதுதானே" என்றார் நர்ஸ். ஊருக்குப் புதிது போலிருக்கிறது.

"ஆதாமை அயர்ந்து தூங்கவைத்து, விலா எலும்பை எடுத்து, தழும்பு தெரியாமல் மூடிய முதல் சர்ஜனே!"

மைத்துனர் தலையில் கைவைத்துக்கொண்டார். ஆதாமிலிருந்து யோபுவின் கொப்புளங்களுக்கும், எசேக்கியா ராஜாவின் கட்டிக்கும் போய், அங்கிருந்து மயக்கமருந்து இல்லாத காலத்தில் போர்க்களத்தில் கால் வெட்டப்பட்ட சிப்பாய்களுக்கு ஜெபம் தாவியது. அந்த அம்மாள் போர்வையைத் தூக்கித் தன் கால்களை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"உம்முடைய அடியாளோ பயம் என்றால் என்னவென்றே அறியாதவள், ஆண்டவரே!"

"இப்பத்தானேங்க சொன்னேன்!" என்றார் அடியாள், கூரையைப் பார்த்து.

உள்ளேயிருந்து டாக்டர் எட்டிப் பார்த்தார். "என்ன நடக்குது இங்க?"

"ஜெபம் சார்."

"எப்ப முடியும்?"

"இப்பத்தான் சார் சிலுவைப்போருக்கே வந்திருக்காரு" என்றார் மைத்துனர்.

ஜெபத்தைப் பாதியில் நிறுத்திய பாவம் டாக்டருக்கு எதற்கு? உதட்டில் விரலை வைத்துச் சைகை காட்டினார். வண்டி சத்தமில்லாமல் உள்ளே உருண்டது, கதவு மூடிக்கொண்டது. மைத்துனர் மட்டும் அங்கேயே நின்று, இடைவெளி கிடைத்தபோதெல்லாம் ஓர் 'ஆமென்' போட்டுக்கொண்டிருந்தார்.

உள்ளே வயிற்றைத் திறந்தார்கள். வெளியே அச்சு இயந்திரத்தைக் கண்டுபிடித்தார்கள். உள்ளே கல்லை எடுத்தார்கள். வெளியே இரண்டாம் உலகப்போர் முடிந்தது. மயக்கம் தெளிந்து அந்த அம்மாள் அதே இடத்துக்குத் தள்ளிக்கொண்டு வரப்பட்டபோது, ஜெபத்தில் மின்சாரக் கட்டணம் ஏறியிருந்தது.

"இன்னும் முடிக்கலையா?" என்று தம்பியிடம் முனகினார்.

"கிட்ட வந்துட்டாரு அக்கா."

"...ஆமென்!" வாத்தியார் கண்ணைத் திறந்தார். முகம் பளிச்சென்றிருந்தது. "இனிமே கூட்டிட்டுப் போங்க. எல்லாம் நல்லபடியா நடக்கும்."

"நடந்துடுச்சுங்க."

அப்போதுதான் வாத்தியார் மனைவியைப் பார்த்தார். வெடித்த உதடு, கையில் குளுக்கோஸ் குழாய், வெளுத்த முகம். "நீ... எப்ப உள்ள போன?"

"சிலுவைப்போர்ல."

"பயமா இருந்துச்சா?"

"நீங்க கையைப் பிடிச்சிருந்தா அவ்வளவு இருந்திருக்காதுங்க."

வாத்தியார் வாயைத் திறந்தார். ஒரு தீர்க்கதரிசி வரவில்லை, ஒரு ராஜா வரவில்லை. குழாய் இல்லாத கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணை மூடாமலே, அவள் முகத்தைப் பார்த்தபடி, "நன்றி ஆண்டவரே" என்றார். மைத்துனர் மிச்சத்துக்காகக் காத்திருந்தார். மிச்சம் வரவில்லை. கொஞ்சம் சந்தேகத்தோடுதான் ஆமென் போட்டார்.

மனிதர் திருந்திவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் வைத்த நன்றி ஜெபத்திலேயே பித்தப்பை படைக்கப்பட்ட நாளிலிருந்து தொடங்கினார். ஒரே ஒரு வித்தியாசம், இப்போதெல்லாம் ஒரு கைதான் மேலே போகிறது. இன்னொன்று மனைவியின் பிடியில். ரோமாபுரியைத் தாண்டினால் அந்த அம்மாள் நறுக்கென்று கிள்ளிவிடுகிறார்.

'நான் ஜெபக்கூட்டத்துப் பக்கமே போவதில்லை, எனக்கென்ன வந்தது' என்று சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தபோது உங்கள் வீட்டில் யாரோ பக்கத்தில் வந்து ஏதோ சொன்னார்கள். நீங்களும் தலையைத் தூக்காமல் 'ம்' என்றீர்கள்.

என்ன சொன்னார்கள்?