ஆணியில் தொங்கிய கேஸ்கெட்

மதிப்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம், காரைத் தவிர. நீங்களும் நலமாகவே இருப்பீர்கள். அடுத்தவர் நிம்மதியைக் கெடுப்பவர்களுக்கு உடம்புக்கு ஒன்றும் வருவதில்லை என்பதை என் மேலதிகாரிகளிடம் இருபத்தாறு ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் உங்கள் வீட்டில் மதியச் சாப்பாடு முடிந்த கையோடு, யாரும் கேட்காமலேயே என் கார் பானட்டைத் திறந்து, "மாப்பிள்ளை, இது தண்ணி குடிக்குது. இன்ஜினுக்குள்ள தண்ணி இறங்காம அடைக்குற ஹெட் கேஸ்கெட் போகப்போகுது, இப்பவே பார்த்துடுங்க" என்று நாலு பேர் முன்னால் சொன்னீர்கள். பதினெட்டு வயதுக் கார் அது. ஒரு நாளும் நடுத்தெருவில் நின்றதில்லை. அன்று கிளம்பியவன் உங்கள் வாசலை மிதிக்கவில்லை, உங்கள் தங்கையையும் அனுப்பவில்லை. அதோடு விடாமல் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்து, ஒரு நோட்டில் தேதி போட்டு 'நிறைவு' என்று எழுதி வந்தேன். நூற்று நான்கு ஞாயிறு, நூற்று நான்கு 'நிறைவு'. முதல் ஆண்டு முடிந்ததும் அதை நகலெடுத்து உங்களுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதில் வரவில்லை. வெட்கத்தில் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

சென்ற வாரம் உங்கள் தங்கைக்குக் காய்ச்சல். இப்போது தேவலை. அவள் படுத்த நான்காம் நாள் காலை, பாலத்தின் ஏற்றத்தில், சூடு காட்டும் முள் சிவப்பைத் தாண்டிப் போய் ஒட்டிக்கொண்டது. பின்னால் திரும்பினால் சாலையே தெரியவில்லை. அவ்வளவும் வெள்ளைப் புகை. ஒரு ஸ்கூட்டர்காரர் கண்ணாடியைத் தட்டி, "சார், வண்டி ஓட்டுறீங்களா, ஆவி பிடிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். கயிறு கட்டி இழுத்துக்கொண்டு தெருமுனை ஒர்க்‌ஷாப்புக்கு வந்து சேர்ந்தேன். அங்கிருக்கும் மெக்கானிக்கைக் கம்பவுண்டர் என்பார்கள். தொட்டுப் பார்த்தே நோயைச் சொல்லிவிடுவார். அவர் ஆயில் மூடியைக் கழற்றி உள்பக்கத்தைக் காட்டினார். பால் விட்ட காபி நிறத்தில் கொழகொழவென்று ஏதோ அப்பியிருந்தது. "தண்ணி உள்ள இறங்கிடுச்சு சார். ஹெட் கேஸ்கெட் அவுட்டு. இன்னைக்கு நேத்து இல்ல, ரொம்ப நாளா குடிச்சிருக்கு" என்றார். நான் நோட்டை நீட்டினேன். பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கையெழுத்து நல்லா இருக்கு சார்" என்றார்.

இந்த மாடல் தயாரிப்பு நின்று பத்து வருடமாகிறதே, கேஸ்கெட்டுக்கு எங்கே போவது என்று கேட்டேன். அவர் எழுந்து, சுவர் ஆணியில் தொங்கிய ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துத் தூசி தட்டி என் முன் வைத்தார். உறையின் மேல் கொட்டை எழுத்தில் என் கார் நம்பர். "உங்க மச்சான் ரெண்டு வருஷம் முன்னாடியே கொண்டாந்து குடுத்தாரு சார். இனிமே கிடைக்காது, மாட்டி வைங்க, எப்படியும் வருவாருன்னாரு." மச்சான், நான் மாதம் இரண்டு முறை அங்கே டயருக்குக் காற்றுப் பிடிக்கப் போகிறவன். அந்த ஆணிக்கு நேர் கீழேதான் நாற்காலி. அதில் உட்கார்ந்துதான் நாற்பது முறையாவது உங்களைத் திட்டியிருக்கிறேன். கம்பவுண்டரும் ஒவ்வொரு முறையும் உம் கொட்டியிருக்கிறார். உயிரோடிருப்பவனுக்குச் சவப்பெட்டி அடித்து, அவன் தலைக்கு மேலேயே மாட்டி வைத்திருக்கிறீர்கள்.

அப்படியானால் ரேடியேட்டர் எப்படி நிறைந்திருந்தது? வீட்டுக்கு வந்து கேட்டேன். உங்கள் தங்கை போர்வைக்குள்ளிருந்தே சொன்னாள்.

"நான்தான் ஊத்துவேன். காலைல நீங்க குளிக்கப் போனதும் ரெண்டு பாட்டில்."

"யாரைக் கேட்டு?"

"அண்ணன் ஃபோன்ல சொன்னாரு. விடாம ஊத்து, இல்லைன்னா நின்னுடும்னாரு."

"என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா? 'உன் அண்ணன் வாய் வச்சுத்தான் வண்டி போச்சு'ம்பீங்க. அப்புறம் ஜென்மத்துக்கும் என்னை அந்த வீட்டுக்கு விட மாட்டீங்க. வண்டி ஓடுற வரைக்கும்தான் என்னைக்காவது நான் அங்க போக வழி. அதான் ஊத்துனேன்."

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். மகளைக் கூப்பிட்டு, உனக்கும் தெரியுமா என்று கேட்டேன். "உங்களைத் தவிர தெருவுக்கே தெரியும்பா" என்றாள்.

மறுநாள் இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டை லேத் பட்டறையில் கொடுத்துச் சமப்படுத்தி வந்து மாட்டினார்கள். நடு போல்ட்டில் தொடங்கி, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாக மூன்று சுற்று முறுக்கினார் கம்பவுண்டர். ஒரேயடியாக இறுக்கினால் என்ன என்றேன். "ஒரு இடத்தையே போட்டு முறுக்குனா இன்னொரு பக்கம் தூக்கிக்கும் சார். கொஞ்சம் கொஞ்சமாத்தான்." என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். இதையும் குறித்து வைத்திருக்கிறேன்.

என் மனைவியை என் காருக்கே தண்ணீர் ஊற்ற வைத்த ஒருவரோடு உறவு வைத்துக்கொள்ள என் மானம் இடம் தரவில்லை. இத்துடன் எல்லாம் முடிந்தது. கேஸ்கெட்டைத் திருப்பி அனுப்பியிருப்பேன். அது இப்போது இன்ஜினுக்குள் இருக்கிறது.

உங்கள் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் விசாரிப்பைச் சொல்லவும். அவர்கள் மீது எனக்கு வருத்தம் ஏதுமில்லை, இதுவரை.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும் நேரத்தில் கம்பவுண்டர் வந்தார். புது கேஸ்கெட் படிய முந்நூறு கிலோமீட்டர் சீராக ஓட்டி, பிறகு போல்ட்டுகளை இன்னொரு முறை முறுக்க வேண்டுமாம். உங்கள் வீட்டுக்கு வந்து திரும்பினால் சரியாக அந்தத் தூரம். வேறு பாதைகளையும் வரைபடத்தில் அளந்து பார்த்தேன், எதுவும் பொருந்தவில்லை. எனவே ஞாயிறு காலை பத்து மணிக்கு மூவரும் வருகிறோம். இது முழுக்க முழுக்க இன்ஜினுக்காக. உங்கள் தங்கை பெட்டியை நேற்றே கட்டிவிட்டாள். எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. நீங்கள் பானட்டைத் திறந்து பார்க்கலாம். பார்த்துவிட்டு என்னிடம் எதுவும் சொல்லக் கூடாது. சொல்லியே ஆக வேண்டுமென்றால் அவளிடம் சொல்லுங்கள். வழக்கம்போல அவள் பார்த்துக்கொள்வாள்.